டர்போவுக்குத் தண்ணி காட்டி இரண்டு வருடம்

என்னுடையது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கொஞ்சம் கூட்டி டியூன் செய்தபின், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டி மிதித்தால் நாக் சத்தம் (எரிபொருள் தானாக வெடிக்கும் தட்டல்) வந்தது. திரும்பி வரும்போது அவ்வளவு இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று கணவாய் வழியாக முதுகில் தள்ளும்; அப்போது டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்று போதாது. எதிர்காற்றில் திரும்பினால் தானாகவே குளிர்ந்துவிடும்.

இதைத் தடுக்க, எஞ்சினுக்குப் போகும் காற்றில் மெத்தனாலும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து தெளிக்கத்தான் திட்டம். ஆனால் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மெத்தனால் வைத்திருக்க முடியாது. வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்று முடிவு செய்தேன். தக்கலை மெக்கானிக் அண்ணன், "லே மக்கா, எஞ்சினுக்குள்ள வெள்ளத்தையா விடப்போற?" என்று சிரித்தார். ஆவியாக ஒரு கிலோ தண்ணீர் சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். மெத்தனால் அதில் பாதிதான். குளிர்விக்கத் தண்ணீரே போதும். மெத்தனால் தரும் ஆக்டேன் பலம் (நாக்கைத் தாங்கும் திறன்) மட்டும் இல்லை, அதனால் ஸ்பார்க் டைமிங்கை நினைத்த அளவு முன்னே தள்ள முடியவில்லை.

3 லிட்டர் டேங்க், 10 பார் பம்ப், மின்சாரத்தில் திறந்து மூடும் சாலினாய்டு வால்வு, நாசில், வெப்ப சென்சார், இதையெல்லாம் இயக்க ஒரு ஆர்டுயினோ போர்டு. காற்று 45 டிகிரி தாண்டினால் தெளி, 40க்குக் கீழே நிறுத்து என்று எழுதினேன். மார்த்தாண்டம் நெரிசலில் பூஸ்ட்டே இல்லாமல் சூடேறி, தெளித்து, வண்டி நின்றுவிட்டது. அப்புறம்தான் பூஸ்ட் 0.6 பார் இருந்தால் மட்டும் என்று சேர்த்தேன்.

பெரிய தப்பு சென்சாரில். நாசிலுக்கு ஒரு சாண் தள்ளிப் பின்னால் வைத்திருந்தேன். துளிகள் அதன் மேலேயே விழுந்து, காற்று சூடாக இருக்கும்போதே 32 டிகிரி என்று காட்டியது. உடனே பம்ப் நிற்கும்; காய்ந்ததும் மறுபடி ஓடும். பம்ப் பழுது என்று நினைத்து புதிது வாங்கியது தண்டச்செலவு. இப்போது சென்சார் இன்டர்கூலருக்கும் நாசிலுக்கும் நடுவில் இருக்கிறது. எப்போது தெளிப்பது என்பதை வெப்பமும், எவ்வளவு என்பதை பூஸ்ட்டும் முடிவு செய்கின்றன.

ஒருமுறை அவசரத்துக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரே வாரத்தில் நாசிலில் உப்புப் படிந்து அடைத்தது. அழுத்தமானி நன்றாகவே காட்டியது. அடைத்த குழாயிலும் அழுத்தம் இருக்கத்தானே செய்யும்! அதனால் ஓட்டத்தை அளக்கும் சென்சார் போட்டேன்; தண்ணீர் போகாவிட்டால் பூஸ்ட் தானாகக் குறையும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இப்போது சாலினாய்டு லேசாகக் கசிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு முறை தும்மிவிட்டுத்தான் ஓடுகிறது. சனிக்கிழமை தக்கலைக்குப் போகவேண்டும், அண்ணன் மறுபடி சிரிப்பார்.