கோவையில் எடை குறைக்கப் போனேன்: எது உதவியது, எது காசுக்குக் கேடு

இந்த முறை லீவுக்கு ஊருக்குப் போனபோது கல்யாணம், காதுகுத்தோடு சொந்த வேலை ஒன்றும் வைத்திருந்தேன். லண்டனில் 84 கிலோவிலிருந்து ஒழுங்காக இறங்கிவந்த எடை, 74-ல் வந்து உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. அதே சாப்பாடு, அதே நடைதான். ஜிபியிடம் (அங்கத்திய குடும்ப டாக்டர்) போனால், "பத்து கிலோ குறைச்சிருக்கீங்களே, அப்படியே தொடருங்க" என்று அனுப்பிவிடுகிறார். டயட்டீஷியனைப் பார்க்க வேண்டுமென்றால் காத்திருப்போர் பட்டியல். ஊரில் இதெல்லாம் மறுநாளே நடக்கும் என்பதால் கோவையில் ரத்தப் பரிசோதனை, தங்கிச் செய்யும் இயற்கை மருத்துவம், டயட்டீஷியன் ஆலோசனை மூன்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அதிகமாகக் காசு வாங்கிய இடத்தில்தான் பலன் குறைவு. தோழிகள் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் லேப். இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் நாள் இரவு ஆப்பில் பதிந்தால் காலை ஆறரைக்கு வாசலில் பைக் சத்தம். ரத்தம் எடுக்க வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் நரம்பு எப்போதும் ஒளிந்துகொள்ளும் ரகம். ஒரே குத்தில் எடுத்துவிட்டான். சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. போனில் பேசிய பெண்தான் எண்பது, தொண்ணூறு டெஸ்ட் அடங்கிய 'முழு உடல் பேக்கேஜ்' ஒன்றை என் தலையில் கட்டப் பெரும்பாடு பட்டார். எடை நின்றுபோனதற்குக் காரணம் தேட அவ்வளவும் வேண்டாம். தைராய்டுக்கான டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி இருந்தால் பேச்சைத் தொடங்கப் போதும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல லேப்களில் தைராய்டு பார்க்கும் முறையைப் பயோட்டின் குழப்பிவிடும். டிஎஸ்எச் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிட வேண்டும். அதிக டோஸ் என்றால் இன்னும் முன்னதாக. 2017-லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எந்த லேப்பும் தானாக முன்வந்து கேட்காது.

அடுத்தது தங்கிச் செய்யும் இயற்கை மருத்துவம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு இடம், பெயர் வேண்டாம். மாமரம், மயில், ஓட்டு வீடு என்று படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. வெளிநாட்டு பாஸ்போர்ட் என்பதால் போனதும், வெளிநாட்டவர் தங்குவதைப் பதியும் ஃபார்ம் சி நிரப்பினார்கள். விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த டாக்டர் முறையாக இயற்கை மருத்துவ, யோகா பட்டமான பிஎன்ஒய்எஸ் படித்தவர். இன்டர்ன்ஷிப்பும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது. வயிற்றில் மண்பட்டி, இடுப்புக் குளியல், நீராவி, எனிமா என்று அவர் போட்ட அட்டவணையில் நேரம் தவறியதே இல்லை.

சாப்பாடு என்று பார்த்தால், காலையில் வெண்பூசணிச் சாறு. முற்பகலில் வாழைத்தண்டுச் சாறு. மதியம் உப்பில்லாமல் வேகவைத்த காய். சாயங்காலம் எலுமிச்சையும் தேனும். ராத்திரி ஒரு கிண்ணம் பப்பாளி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் எழுநூறு, எண்ணூறு கலோரி தேறினால் அதிகம். முதல் இரண்டு நாள் தலைவலி. அது 'நச்சு வெளியேறும் அறிகுறி' என்றார்கள். காலை காப்பியை ஒரேயடியாக நிறுத்தினால் யாருக்கும் தலை வலிக்கும். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவை பூசணிச் சாற்றுக்காகக் காத்துக்கொண்டிருப்பதில்லை.

எடை போட்ட விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. சேர்ந்த அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டியிருந்த காட்டன் புடவையோடு நிற்கவைத்துக் குறித்துக்கொண்டார்கள். கிளம்பும் நாளில் விடிகாலை, எனிமா முடிந்த கையோடு, அவர்கள் கொடுத்த மெல்லிய அங்கியில். மூன்று கிலோவுக்கு மேல் குறைந்திருப்பதாகச் சான்றிதழ் மாதிரி ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, கைதட்டவும் செய்தார்கள். பக்கத்தில் நின்ற அண்ணா ஒருவர் உண்மையாகவே கண் கலங்கினார்.

அந்த மூன்று கிலோ எங்கிருந்து போனது என்பதற்குப் பெரிய மருத்துவ ஞானம் தேவையில்லை. ஈரலிலும் தசையிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் இரண்டுமே போய்விடும். உப்பை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு வாரச் சாற்றில் மூன்று கிலோ கொழுப்பு போகக் கணக்கே இடம் கொடுக்காது. வீட்டுக்கு வந்து அம்மா கையால் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டதும் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. அந்த வாரமே மறுபடி 73, 74.

நல்லதும் இருந்தது. ஒன்பது மணிக்குத் தூக்கம், போனைப் பூட்டி வைத்தது, விடிகாலை நடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் உடம்புக்கும் மனசுக்கும் இதமாகத்தான் இருந்தன. நாக்கிலிருந்து உப்பின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஓய்வுக்குத்தான் போகிறோம் என்று தெரிந்து போகிறவர்களுக்குக் குறையொன்றும் இல்லை. இதே வைத்தியத்தைக் குறைந்த செலவில் பார்க்க நினைத்தால் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு.

ஒரு விஷயம் மட்டும் பயமாக இருந்தது. பக்கத்து அறையில் திருப்பூர்க்கார அக்கா ஒருவர், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போட்டுக்கொள்கிறவர். சாறு மட்டும் குடித்துக்கொண்டு மாத்திரையை வழக்கம்போல விழுங்கியிருக்கிறார். ராத்திரி கை நடுங்கி, நைட்டி நனைய வேர்த்து, பேச்சுக் குழறியபடி என் கதவைத் தட்டினார். கண்டிப்பான சாற்று உணவகத்தில் அந்த நேரத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கண்டுபிடிப்பது என்ன பாடு என்பது அன்றைக்குத் தெரிந்தது. கடைசியில் வாட்ச்மேனின் டீப் பொட்டலத்திலிருந்துதான் வந்தது. அந்த வகை மாத்திரையும் இன்சுலினும் பட்டினியில் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற வேறு வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து வேறு. உங்கள் டாக்டர் டோஸை மாற்றித் தராமல் இந்த மாதிரி இடங்களில் கால் வைக்காதீர்கள்.

கிளம்பும்போது 'எடைக் குறைப்புப் பொடி' பொட்டலம் ஒன்றை நீட்டினார்கள். உணவுப் பொருளாக விற்றால் அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் இருக்க வேண்டும். அதில் ஊர்ப் பெயர்கூட இல்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாகத்தான் டயட்டீஷியன். அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நடுத்தர மருத்துவமனை. ஒரு வாரம் மலையடிவாரத்தில் கொடுத்ததை நினைத்தால் இங்கே கட்டியது டீச் செலவு. முப்பது வயதுக்குள் இருப்பார் அந்தப் பெண். நோட்டைத் திறந்ததும் முதல் கேள்வி: "அக்கா, லண்டன்ல வீட்ல எத்தன பேருங்க? மாசம் எண்ணெய் எத்தன லிட்டர் வாங்கறீங்க?"

நான்கு பேர், நான்கு லிட்டர் என்றேன். அவர் கால்குலேட்டரைத் தட்டினார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. அவர் அனுமதிப்பது ஆளுக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாளைக்கு மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேலே. வித்தியாசம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 140 கலோரி. "மரச்செக்கு எண்ணெய்தாங்க வாங்கறோம்" என்று கூட வந்த அம்மா ஊடே புகுந்தார். "செக்குல ஆட்டுனாலும் மிசின்ல ஆட்டுனாலும் ஒரு கிராமுக்கு ஒம்பது கலோரிதாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். சாப்பாட்டைப் பதியச் சொல்லும் ஆப் எதுவும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அடுத்து என் போனை வாங்கி ஒரு வருடத்து நடைக் கணக்கைத் திறந்தார். சாப்பாட்டைக் குறைத்த மாதங்களில் என் அன்றாட அடிகள் மெல்ல மெல்லச் சரிந்து மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. சாயங்கால நடை அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்குள் எழுந்து நடப்பது, மாடிப்படி, கடைக்குப் போவதுதான் குறைந்திருக்கிறது. உணவு குறைந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலே இப்படிச் சிக்கனம் பிடிக்குமாம். அதோடு 84 கிலோவில் என் உயரத்துக்கும் வயதுக்கும் சும்மா இருந்தாலே எரிவது சுமார் 1450 கலோரி. 74-ல் அது 1350. கொழுப்பு குறையக் குறைய, பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் இறங்கிப் பசியும் கூடும். இத்தனையும் சேர்ந்து, முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையைத் தாங்கி நிறுத்தும் சாப்பாடாகிவிட்டது. முள் நின்றதில் மர்மம் எதுவும் இல்லை.

பட்டினியை இன்னும் இறுக்கலாமா என்று கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. அவர்கள் உடம்பு ஓய்வில் எரிப்பது, இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாக இருந்தது. பெரும்பாலோருக்கு எடையும் நிறையத் திரும்பியிருந்தது.

அவர் போட்ட திட்டமும் கண்டிப்பானதுதான், ஆனால் கண்டிப்பு வேறு இடத்தில். என் சாப்பாட்டில் புரதம் 45 கிராமைத் தாண்டவில்லை. 75 ஆக்கச் சொன்னார். காலையில் இட்லி இரண்டோடு நின்று, கூட இரண்டு முட்டை. மதியம் சோறு ஒரு கரண்டி, கொள்ளுக் கடைசல், இரண்டு கப் காய், தயிர். சாயங்காலம் சுண்டல், இரவில் பச்சைப்பயறு அடை. சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். வாரம் இரண்டு நாள் எலாஸ்டிக் பேண்டு வைத்துத் தசைப் பயிற்சி. அதே மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். காணாமல் போன அடிகளை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தேடினேன். விடிகாலையில் அங்கே நடப்பது தனி சுகம்.

சிறுதானியத்துக்கு மாறலாமா என்றும் கேட்டேன். 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து சொந்தக்காரர் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். சாமையோ குதிரைவாலியோ, சமைக்காத நிலையில் நூறு கிராமுக்கு அரிசியைப் போலவே 350 கலோரியை ஒட்டித்தான் வரும். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும். ஆனால் எங்கள் வீட்டுக் குதிரைவாலிப் பொங்கல் நெய்யில் மிதந்தபடிதான் தட்டுக்கு வரும்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்துகள். குளிர்சாதனத்தில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், டோஸைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். கொஞ்ச நாள் லீவுக்கு வந்து தொடங்கிவிட்டு ஓடுவதற்கு ஏற்றதல்ல என்று ஹார்மோன் டாக்டரான எண்டோகிரைனாலஜிஸ்டே சொல்லிவிட்டார்.

லண்டன் திரும்பிய பிறகு டயட்டீஷியனுடன் வீடியோ காலில் பேசுகிறேன். கோவையில் மாலை ஆறு என்றால் எனக்கு மதிய இடைவேளை, வசதியாக இருக்கிறது. எடை 71-க்கு வந்திருக்கிறது, மெதுவாகத்தான். இடுப்பளவு 92 செ.மீ.யிலிருந்து 87. நம் இனப் பெண்களுக்கு எல்லை 80 என்பதால் வேலை பாக்கி இருக்கிறது.

ஊர் ரிப்போர்ட்டை இங்கே ஜிபியிடம் காட்டுகிறவர்கள் அளவுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் சர்க்கரை மில்லிகிராமில் வரும். இங்கத்திய மில்லிமோல் கணக்குக்கு 18-ஆல் வகுக்க வேண்டும். வைட்டமின் டி என்றால் 2.5-ஆல் பெருக்க வேண்டும். என் எச்பிஏ1சி 5.8 சதவீதம். கோவை லேப் அதைச் சிவப்பில் போட்டு 'சர்க்கரைக்கு முந்தைய நிலை' என்று எழுதியிருந்தது, அங்கே 5.7-லிருந்தே அந்தக் கணக்கு. பிரிட்டன் கணக்கில் அது 40, எல்லை 42. ஜிபி பார்த்துவிட்டு 'நார்மல்' என்று சொல்லி மூடிவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததைச் சொல்லி, வருடா வருடம் பார்க்கச் சொல்லிக் குறிப்பு எழுத வைத்துவிட்டுத்தான் நான் எழுந்தேன்.