பழைய டீப் ஃப்ரீசர் வாங்குகிறவர்கள் முதலில் உள்சுவரைத் தடவிப் பாருங்கள்

பெட்டிக்கு 14,500 ரூபாய், கேஸ் அடிக்க 2,800 வீதம் இரண்டு தடவை, ஆடியில் விதைத்துத் தையில் பறித்த மொச்சை பதினோரு கிலோ. இவ்வளவும் போன கதை இது. மதுரை, திண்டுக்கல் பக்கம் செகண்ட் ஹேண்டில் ஃப்ரீசர் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் கொல்லை. வேலியோரம் மொச்சை, ஒரு பக்கம் பச்சைத் துவரை, இரண்டு முருங்கை. தை பிறந்தால் மொச்சை ஒரேயடியாக வந்து குவியும். சந்தைக்குக் கொண்டுபோனால் ஆட்டோக் கூலி தேறாது. அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் அவர்கள் வேலியிலும் மொச்சைதான். ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் சின்ன ஃப்ரீசரில் நாலு பை வைத்தால் ஐஸ் தட்டுக்கு இடமில்லை. அதனால்தான் பெரிய பெட்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம். புதிது 25 ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள்.

மதுரையில் ஒரு கடை. ஐஸ்கிரீம் கடைகளில் கழித்துக் கட்டிய பெட்டிகளை வாங்கி, ரெடி பண்ணி விற்கிறார்கள். பெட்டி உள்ளும் புறமும் புது வெள்ளைப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. "கையை உள்ள விட்டுப் பாருங்கக்கா" என்றார் கடைக்காரர். விட்டேன், சில்லென்று இருந்தது. விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் "கம்ப்ரஸர் 6 மாதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பில் கேட்டால், "பில் போட்டா ஜிஎஸ்டி சேருமேக்கா." சரி என்று தலையாட்டினேன். என் பக்கத்துத் தப்பு அது.

பதினோரு கிலோ என்பது உரித்த பயறு. அத்தையும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து உரித்தது. கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, பழைய வேட்டியில் பரப்பி ஈரம் போனதும் தட்டில் உறையவைத்து, அப்புறம்தான் பையில் அள்ள வேண்டும். பச்சையாக அப்படியே போட்டால் குளிரிலும் அதற்குள் இருக்கும் என்சைம் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். நிறமும் வாசமும் போய்விடும். அவ்வளவும் செய்துதான் வைத்தோம்.

பெட்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருந்தேன். நாம் பார்க்காதபோது ஐஸ் உருகினால் நாணயம் மூழ்கிக் காட்டிக் கொடுத்துவிடும். ஐந்து வாரம் நாணயம் மேலேயே இருந்தது. ஆறாவது வாரம் மூடியைத் திறந்தால் டம்ளரில் தண்ணீர், அடியில் நாணயம். பைகளில் சாம்பல் நிறச் சாறு, ஊசிப்போன வாடை. மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மூலையில் கையளவு பனி, மற்ற சுவர்கள் வெறுமனே ஈரம்.

கடைக்குப் போன் போட்டால், "கரண்ட் போயிருக்கும்க்கா." போனது உண்மைதான், மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு பகல். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் கூடத் தாங்கும். ஒரு பகலுக்கெல்லாம் உருகாது. கடை ஆள் வந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் நல்லாருக்கு, கேஸ்தான் இல்ல. கேஸ் வாரண்டில வராது" என்று 2,800 வாங்கிப் போனார். கெடாத பைகளைத் தெருவில் மூன்று வீட்டு ஃப்ரிட்ஜில் பிரித்து வைத்திருந்தோம். திரும்பக் கொண்டுவந்து அடுக்கினோம். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கதை. மறுபடி 2,800. இந்தத் தடவை பதினெட்டு நாள்தான் தாங்கியது. மிச்சமிருந்ததும் போனது. நடுவில் வந்த கரண்ட் பில்லில் 170 யூனிட் கூட.

கடைசியாக எங்கள் தெரு மெக்கானிக் வந்தார். சோதிக்கும் மீட்டரைத் தொடவில்லை. மூடியைத் திறந்து உள்சுவரை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். "மதினி, இங்க கை வச்சுப் பாருங்க." எட்டணா அகலத்துக்கு ஒரு மேடு. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் ஓட்டை அடைக்கும் சாம்பல் நிறப் பசை, எம்-சீல். முன்பு வைத்திருந்தவர் யாரோ பனிக்கட்டியைக் கத்தியால் குத்திப் பெயர்த்திருக்கிறார், குழாயில் இறங்கிவிட்டது என்றார். இந்த மாதிரிப் பெட்டிகளில் குளிரூட்டும் குழாய் உள்தகட்டுக்குப் பின்னால் ஃபோமுக்குள் புதைந்து ஓடுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் பிரித்து அடைக்க வழியில்லை. மேலே பூசிவிட்டு கேஸ் ஏற்றினால் சில வாரம் ஓடும். விற்பதற்கு அது போதும்!

நான் பார்க்காமல் விட்டது இன்னும் இருக்கிறது. பின்பக்கத்தில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று போட்ட பிளேட் இருக்க வேண்டும். என் பெட்டியில் அந்த இடத்தில் வெறும் பசைத் தடம். ஒரு மணி நேரம் ஓடுவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, உள்ளே நீங்களே கொண்டுபோன தெர்மாமீட்டரைப் போட்டுவிட்டு, மறுநாள் போய்ப் பாருங்கள். மைனஸ் 18 காட்ட வேண்டும், நான்கு சுவரிலும் ஒரே மாதிரி பனி பிடித்திருக்க வேண்டும், மோட்டார் நடுநடுவே நிற்க வேண்டும். நிற்கவே நிற்காத மோட்டாரை "நல்ல கூலிங்" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். வாரண்டி என்றால் கேஸும் கூலிங் காயிலும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

எம்-சீல் போட்டோவை அனுப்பியதும் கடைக்காரர், "பழைய இரும்பு விலைக்கு 3,000 தரேன், கொண்டு வந்து போட்டுருங்க" என்றார். முடியாது என்றேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடை பதில் சொல்லவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததற்கு அந்த விசிட்டிங் கார்டும் போனில் பணம் அனுப்பிய விவரமும்தான் என் கையில் இருக்கிற சாட்சி.

பெட்டி கொல்லையில் கிடக்கிறது. பிள்ளைகள் விளையாட்டாக உள்ளே இறங்கிவிடக் கூடாது என்று மூடியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டோம். வழக்கு முடியும்வரை அந்த எம்-சீல் மேட்டில் யாரையும் கை வைக்க விடுவதாக இல்லை.