தினம் ஒன்றரை ஜிபி எனக்குத் தேவைதானா: பதினான்கு மாதப் பயன்பாட்டு அனுபவம்

செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவன் நான். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதிலிருந்து, நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்ற கணக்கு நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. நானும் பல ஆண்டுகள் தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கும் 28 நாள் திட்டத்துக்கே யோசிக்காமல் ரீசார்ஜ் செய்துவந்தேன். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோதுதான் இதைக் கவனிக்கத் தொடங்கினேன். ஜியோவில் அந்த வகைத் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய் ஆனது. மற்ற தனியார் நிறுவனங்களும் அதே வாரத்தில் விலையை ஏற்றின. எங்கள் வீட்டுச் செலவில் மூன்று எண்கள் இருப்பதால், உண்மையில் எவ்வளவு டேட்டா செலவாகிறது என்று தெரிந்துகொள்ள ஆகஸ்ட் முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதிவந்தேன்.

அளப்பது எளிதுதான். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பகுதிக்குப் போனால், எந்தச் செயலி எவ்வளவு எடுத்திருக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். வைஃபை கணக்கும் மொபைல் டேட்டா கணக்கும் வெவ்வேறாக இருக்கும். ஆனால் போன் மாதத்தின் ஒரு தேதியை வைத்துத்தான் சுழற்சியைக் கணக்கிடும், நம் ரீசார்ஜோ 28 நாளுக்கு ஒருமுறை முடியும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் இரவு படுக்கும் முன் அன்றைய எண்ணைக் கையால் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று மாதக் குறிப்புகள் சேர்ந்ததும் ஒரு விஷயம் தெளிவாகப் புலப்பட்டது. வேலை நாட்களில் நான் செலவழித்தது 300 முதல் 400 எம்பி வரை. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பதால் விடுமுறை நாட்களில் 100 எம்பிகூட ஆகவில்லை. மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் வந்தவாசிப் பக்கம் அப்பா வீட்டுக்குப் போவோம். அங்கே வைஃபை இல்லை, என் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் மகளும் பார்ப்பாள், ஆகவே அந்த நாட்களில் ஒன்றரை ஜிபியும் மாலைக்குள் தீர்ந்துவிடும். மொத்தத்தில் 28 நாளுக்கு 42 ஜிபிக்குப் பணம் கட்டிவிட்டு, ஏறத்தாழ 12 ஜிபியைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். மீதி ஒவ்வொரு நள்ளிரவிலும் காலாவதியாகிப்போனது.

மிச்சமானதைவிட, தேவைப்பட்ட அன்று இல்லாமல் போனதுதான் என்னை மிகவும் பாதித்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் விடாமல் இருந்த ஒரு நாள், பரிசோதனைக் கூடத்திலிருந்து இரவு எட்டரை மணிக்கு ரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 5 எம்பி அளவுள்ள ஸ்கேன் செய்த பக்கங்கள். அன்றைய டேட்டா தீர்ந்து, வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் (கேபிபிஎஸ்) குறைந்திருந்தது. அந்த வேகத்தில் 5 எம்பி இறங்குவதற்குக் கணக்குப்படியே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பாதியில் இரண்டு முறை அறுந்ததால் எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, அப்பா திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடுதல் டேட்டா பேக் போடலாம் என்று செயலியைத் திறந்தால், அந்த வேகத்தில் அதுவும் திறக்கவில்லை. நாள் கணக்குத் திட்டம் எனக்கு ஏற்றதல்ல என்பதை அன்றைக்குத்தான் முழுமையாக உணர்ந்தேன். என் பயன்பாடு ஒரே சீராக இருப்பதில்லை. பல நாள் துளியும் சில நாள் வெள்ளமுமாக இருக்கிறது.

அடுத்ததாக, அந்த 300, 400 எம்பியை எது தின்கிறது என்று பார்த்தேன். பெரும்பகுதி ரயிலில் பார்த்த குறுங்காணொலிகள். காணொலிச் செலவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு: நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொலி, ஒரு மணி நேரத்தில் 450 எம்பி எடுக்கும். தரத்தைக் கூட்டி இரண்டு மெகாபிட் ஆக்கினால் 900 எம்பி. பெரிய திரையில் வித்தியாசம் தெரியலாம். ஆடும் ரயிலில் கையகலத் திரையில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த இடத்தில், எனக்குத் தெரியாமலே மொபைல் டேட்டாவில் ஏறிக்கொண்டிருந்த புகைப்படச் சேமிப்பும், வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து தானாக இறங்கிய காணொலிகளும் இருந்தன. இரண்டையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றினேன். ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைக்கிறவர்கள், விண்டோஸில் அந்த இணைப்பை அளவுக்குட்பட்ட இணைப்பு (மீட்டர்டு கனெக்‌ஷன்) என்று குறித்துவைப்பது அவசியம். இல்லாவிட்டால் அப்டேட் என்ற பெயரில் பெருமளவு டேட்டா போய்விடும்.

ரயிலில் பார்க்க வேண்டியதை முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் இறக்கிவைக்கும் பழக்கம் படிய இரண்டு வாரங்கள் ஆயின. இதில் எனக்கு இன்னொரு நன்மையும் கிடைத்தது: பரனூருக்கும் சிங்கபெருமாள்கோயிலுக்கும் இடையே என் போனில் சிக்னல் விட்டு விட்டு வரும், இப்போது அது பொருட்டே இல்லை. பணப் பரிமாற்றம், எழுத்துச் செய்திகள், செய்தித்தாள் வாசிப்பு எல்லாம் சேர்ந்து வேலை நாளுக்கு 60 முதல் 80 எம்பிதான் ஆகிறது. ஆகவே மொத்தமாகக் குறைந்த டேட்டா தரும் நீண்ட வேலிடிட்டித் திட்டத்துக்கு மாறி, ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் தனி டேட்டா பேக் போடுகிறேன்.

2024 ஜூலை விலையில், ஜியோவின் திட்டங்களை வைத்துக் கணக்கைச் சொல்கிறேன். 28 நாள் என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ்; 299 ரூபாய் வீதம் 3,887 ரூபாய். அதே தினம் ஒன்றரை ஜிபியை 84 நாளுக்கு 799 ரூபாய் என்று நான்கு முறையும், கடைசி 28 நாளுக்கு 299 ரூபாயும் போட்டால் 3,495 ரூபாய். 84 நாளுக்கு மொத்தம் 6 ஜிபி தரும் 479 ரூபாய்த் திட்டத்தை நான்கு முறையும், 28 நாளுக்கு 2 ஜிபி தரும் 189 ரூபாய்த் திட்டத்தை ஒருமுறையும் போட்டால் 2,105 ரூபாய். டேட்டா பேக்குகளுக்கு ஒதுக்கிய பிறகும் கணிசமாக மிஞ்சும். விலைகளும் திட்டங்களும் அடிக்கடி மாறுகின்றன என்பதால், ரீசார்ஜுக்கு முன் அன்றைய பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் நிறுவனத்தின் செயலியில் குறைந்த டேட்டாத் திட்டங்கள் முதல் பக்கத்தில் இருக்கவே இல்லை. பட்டியலின் அடிவரை தேடிப் போக வேண்டியிருந்தது. முதியவர்கள் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

என் மனைவிக்கு இந்த வழி ஒத்துவரவில்லை. அவர் கிராமம் கிராமமாகச் சுற்றும் சுகாதாரப் பணியில் இருக்கிறார். பகல் முழுவதும் வைஃபை கிடையாது, தினமும் பதிவுகளை ஏற்ற வேண்டும், செலவும் நாள்தோறும் ஒரு ஜிபியை ஒட்டியே வருகிறது. அவருக்கு நாள் கணக்குத் திட்டம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. வரம்பற்ற 5ஜிக்காக 2 ஜிபி திட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டார். ஜியோவிலும் ஏர்டெல்லிலும் 2024 விலை உயர்வுக்குப் பின் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களில்தான் அந்தச் சலுகை என்று ஆயிற்று. போனும் 5ஜி போனாக இருந்து, நிற்கும் இடத்தில் 5ஜி சிக்னலும் கிடைத்தால்தான் அது பயன்படும். அவர் போகும் ஊர்களில் பெரும்பாலும் 4ஜிதான் காட்டுகிறது. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கும் இத்தனை காலம் டேட்டாவுடன் கூடிய ரீசார்ஜே போட்டுவந்தோம். அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களையும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்த பிறகு, அவரை அதற்கு மாற்றினேன். வங்கி ஓடிபி வர எஸ்எம்எஸ் போதும். ஆனால் அவருக்கு விலையைவிடப் பெரிய சிக்கல், வீட்டுக்குள் சிக்னல் இல்லாததுதான். உறவினர்களின் வெவ்வேறு நிறுவனப் போன்களை வாங்கி, நடு அறையில் நின்று ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்தோம். எது தெளிவாகக் கேட்டதோ அதற்கு எண்ணை மாற்றினோம்: போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இடக் குறியீடு வரும், பழைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். மூன்று வேலை நாட்களில் மாறிவிட்டது. முன்பு அழைப்பு வந்தால் மழையானாலும் திண்ணைக்கு ஓடி வருவார். இப்போது கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசுகிறார்.