32 வரி மெக்கானிக்கல் டிவி கிட்: டிஸ்க் அருமை, மோட்டார்தான் உயிரை எடுக்குது

இங்க இங்கிலாந்துல வீட்டுலயே செஞ்சு விக்கிற ஒருத்தர்கிட்ட வாங்கின கிட் இது, பேர் வேணாம், மனுஷன் நல்லவர்தான். பிக்சர் ட்யூப், எல்சிடி எதுவும் கிடையாது. சுருள் வரிசையில 32 ஓட்டை போட்ட வட்டு ஒண்ணு சுத்தும், பின்னாடி எல்இடி வெளிச்சம் சிக்னலுக்கு ஏத்தாப்ல கூடும் குறையும், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வரி வரையும், அவ்ளோதான். 1884ல பெர்லின்ல பால் நிப்கோ காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்த அதே ஐடியா. 1926 ஜனவரியில லண்டன் சோஹோவுல ஜான் லோகி பேர்ட் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு டிவி காட்டுனதும் வட்டை சுத்தவிட்டுதான். பேர்டோட டிவி 30 வரி, 1975ல இங்க ஆரம்பிச்ச என்பிடிவிஏங்கற, இந்த மாதிரி கம்மி வரி டிவி செய்யற ஆர்வலர்களோட சங்கத்துக்காரங்க பழக்கத்துக்கு கொண்டு வந்தது 32, இந்த கிட்டும் அந்தக் கணக்குதான்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். 20 செமீ டிஸ்க், ஓட்டை ஒவ்வொண்ணும் அரை மில்லிமீட்டருக்கும் கம்மி. ஒரு ஓட்டை மயிரிழை தள்ளிப் போனாலும் படத்துல ஒரு கறுப்புக் கோடும் அதை ஒட்டி பளீர்னு இன்னொரு கோடும் நிக்கும், வீட்டுல காம்பஸ் வச்சு ட்ரில் பண்றவங்க எல்லாம் மாட்டிக்கிறது இங்கதான். இவர் லேசர்ல வெட்டியிருக்கார், தேடிப் பாத்தும் அப்படி ஒரு கோடு இல்ல. படம் எவ்ளோ பெருசுன்னு மட்டும் கேக்காதீங்க, ஓட்டை இருக்கற வட்டத்தோட சுத்தளவை 32ஆல வகுத்துப் பாருங்க, உயரம் 1.8 செமீ அகலம் 1.2 செமீ கிட்டதான் வரும், தபால் தலையே இதைவிட பெருசு. லென்ஸ் கொடுத்திருக்கார், ஆனா நேரா உக்காந்து பாத்தாதான், கொஞ்சம் தள்ளி உக்காந்தா ஒண்ணும் தெரியாது.

இப்ப மோட்டார். நொடிக்கு 12.5 படம், அப்படின்னா வட்டு நிமிஷத்துக்கு கரெக்டா 750 சுத்து சுத்தணும், துளி ஏறி இறங்கினாலும் படம் சரிஞ்சுகிட்டே போகும். இதுக்கு இவர் கொடுத்திருக்கறது திருகுற குமிழ் ஒண்ணே ஒண்ணு! குமிழைத் திருகி, விரல் நுனியால வட்டை லேசா தொட்டு பிரேக் போட்டு முகத்தை நடுவுல கொண்டு வந்தா மோட்டார் சூடாகி மறுபடி நழுவுது. 1930ல பேர்ட் கம்பெனி வித்த டெலிவைசர்ங்கற டிவி பெட்டியிலயே சிக்னலை வச்சு பல்சக்கரத்தை இழுத்துப் பிடிக்க காந்தம் இருந்துச்சு சார். நான் ஓட்டைகளை எண்ண ஒரு இன்ஃப்ராரெட் சென்சாரும் (நொடிக்கு 400 வரும்) சிக்னலோட ஒப்பிட்டு வேகத்தை மாத்த ஒரு 4046 ஐசியும் போட்டுக்கிட்டேன், அதுக்கப்புறம் படம் ஆடாம நிக்குது. சில்லறை காசு பொருள், கிட்லயே போட்டிருக்கலாம்.

சிக்னல் வெறும் ஆடியோ ஃபைல்தான், ஒரு சேனல்ல படம், இன்னொண்ணுல சத்தம். வேவ் ஃபைலாவே ஓட்டுங்க, ப்ளூடூத் வேணாம், பாஸ் பூஸ்ட் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. இருட்டு சீன் சாம்பலா வெளுத்துதான் வரும், ஹெட்ஃபோன் அவுட் டிசியை (படத்தோட மொத்த வெளிச்ச அளவைச் சொல்ற மாறாத மின்னழுத்தம்) விடாது, அதுக்கு கிட்டை குத்தம் சொல்ல முடியாது.

யாருக்காவது காட்டணும்னா லைட்டை அணைச்சிட்டு க்ளோஸப் முகம் போடுங்க, கண் சிமிட்டறதுகூட தெரியும், கூட்டமா ஆளுங்க வர்ற சீன் வெறும் புள்ளிக் குழப்பம். போன்ல வீடியோ எடுத்தா பட்டை பட்டையா ஓடும், அதை பாத்து ஏமாறாதீங்க, நேர்ல நல்லாவே இருக்கு. கேமரா இதுல கிடையாது, வெறும் ரிசீவர்தான். (பேர்ட் 1925ல வில்லியம் டெய்ன்டன்னு ஆபீஸ் பையனுக்கு காசு கொடுத்துதான் கேமரா முன்னாடி லைட் சூட்டுல உக்கார வச்சாராம், அந்த தொல்லை நமக்கு இல்ல.)

சால்டரிங் வர்றவங்க தாராளமா வாங்கலாம். வராதவங்க இப்போதைக்கு வேணாம், குமிழோட மல்லுக்கட்டியே வெறுத்துடுவீங்க. டிஸ்க் மட்டும் தனியா கேட்டாலும் தர்றார், மோட்டார் கையில இருந்தா அது போதும்.