50 எம்எம் ஸ்மார்ட் டெலஸ்கோப்: சனி வளையம் பாக்கவா? வாங்காதீங்க

மன்னார்குடி பக்கம் எங்க வீட்டு மொட்டைமாடியில ஒரு சீசன் ஃபுல்லா ஓட்டிப் பாத்துட்டுதான் எழுதுறேன். கம்பெனி பேரு வேணாம், இப்ப வர்ற 50 எம்எம் (முன் லென்ஸ் அகலம்), கண்ண வச்சுப் பாக்காம போன் ஆப்ல ஓட்டிப் படம் எடுக்குற டெலஸ்கோப் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரகம்தான்.

சித்தப்பா வந்து சனி வளையத்தக் காட்டுடான்னாரு, காட்டினேன், "இதுக்கா அம்பதாயிரத்துக்கு மேல குடுத்த"ன்னுட்டு கீழ இறங்கிட்டாரு. அவரு சொன்னதுல தப்பே இல்ல, கிரகத்துக்கு இது லாயக்கில்ல. ஆனா எஸ்எஸ் சிக்னி மாதிரி ஒரு ஜோடி நட்சத்திரத்தோட வெளிச்சத்த ராத்திரி பூரா அளக்கணும்னா இது சரியான சாமான்.

அதுல ஒண்ணு பூமி சைஸ் வெள்ளைக் குள்ளன், அதாவது எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட மிச்சம், இன்னொண்ணு சூரியன விட சின்ன நட்சத்திரம், ரெண்டும் ஆறரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து. குள்ளன் அதுகிட்டேர்ந்து கேஸ உருவுறான், அது நேரா விழாம தட்டா சுத்திக்கிட்டே உள்ள இறங்குது. மதகுல தண்ணி விழுற எடம் நுங்கும் நுரையுமா இருக்குமே, அப்படித்தான் கேஸ் வந்து தட்டுல மோதுற எடமும் தட்டோட உள்பக்கமும், ஒரு நிலையில இருக்காது, வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கும். ஏழெட்டு வாரத்துக்கு ஒருக்கா மொத்தமா வெடிச்சு மேக்னிட்யூட் (வெளிச்ச அளவு, நம்பர் குறைஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி) 12லேர்ந்து 8க்கு வர்றது, அதாவது 40 மடங்கு ஏறுறது, ஊரறிஞ்ச கதை, 1896லயே ஹார்வர்டுல லூயிசா வெல்ஸ் கண்டுபிடிச்சுட்டாங்க. எனக்கு வேண்டியது அந்த சின்ன துடிப்பு.

இங்கதான் ஆப் கழுத்தறுக்குது. 10 செகண்ட் படமா எடுத்து எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அழகா ஒரு படம் குடுக்கும், அடுக்குனா துடிப்பு பூரா சராசரியாகி காணாம போயிடும்! செட்டிங்ஸ்ல போய் ஒவ்வொரு ஃப்ரேமையும் (தனித்தனி படத்தையும்) ஃபிட்ஸ் ஃபைலா, அதாவது வானியல்காரங்க அளக்குறதுக்கு வச்சிருக்குற பட ஃபைலா, சேவ் பண்ணச் சொல்லுங்க, எனக்கு வந்தப்ப அது ஆஃப்ல இருந்துச்சு, மேனுவல்ல இதப்பத்தி ஒரு வரி இல்ல. அப்புறம் ஆஸ்ட்ரோஇமேஜ்ஜேன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல போட்டு, அதே ஃப்ரேம்ல இருக்குற மாறாத நட்சத்திரத்தோட ஒப்பிட்டு அளக்கணும், லேசா மேகம் ஓடினாலும் ரெண்டும் சேந்தே மங்கும், கணக்கு கெடாது.

12ல இருக்கப்ப ஒத்த ஃப்ரேம நம்பாதீங்க, அளவு கன்னாபின்னான்னு தாவும். ஆறு ஃப்ரேம சேத்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளின்னு வச்சா 0.2 மேக்னிட்யூட் போல ஏறி இறங்குறது கிராப்ல தெரியும், சரிபாக்க வச்ச இன்னொரு மாறாத நட்சத்திரம் (செக் ஸ்டார்) பாட்டுக்கு நேரா போயிட்டு இருக்கும். துடிப்பு பலமா இருக்கறது நீலத்துல, நாம கலர் சென்சார்ல பச்சைய எடுத்து அளக்குறோம், அதனால கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

பனிதான் பெரிய தொல்லை. சம்பா வயல்ல தண்ணி நிக்கிற மாசத்துல பத்து மணிக்கே லென்ஸ் வேர்த்துடுது, ஹீட்டர் போட்டா பேட்டரி மடமடன்னு எறங்குது, பவர்பேங்க் சொருகியே வைங்க.

எஸ்எஸ் சிக்னிக்கு புரட்டாசி பொறந்ததும் வடக்கப் பாத்து வச்சுடுங்க, ஐப்பசி அடைமழை புடிச்சா அந்த வருஷத்துக்கு அவ்ளோதான். மாசில மிதுன நட்சத்திரக் கூட்டத்துல இதே மாதிரி இன்னொரு ஜோடி, யு ஜெமினோரம், கிட்டத்தட்ட தலைக்கு மேல வரும், ஆனா அது 14ல கெடக்குறப்ப இந்த மெஷினுக்கு எட்டாது, வெடிச்சு 9க்கு வந்தா மட்டும் திருப்புங்க.