பச்சை, மஞ்சள், சிவப்பு

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் காலாண்டு மீட்டிங்கில் மூன்றாவது ஸ்லைடிலேயே நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, மூச்சு முட்டியது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. பேனிக் அட்டாக் என்றார் டாக்டர். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடுமாம். மேடைப் படபடப்புக்குச் சிலருக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை கொடுப்பதுண்டு. எனக்கு வீசிங் இருப்பதால் அது கூடாது என்றுவிட்டார்.

முதலில் ஓட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்கு எட்டாயிரம் ரூபாய் கட்டினேன். ‘பயமே போ’ என்று எல்லோரையும் கத்தச் சொன்னார்கள். கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்புறம் சேர்ந்ததுதான் மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பித்தது. வாத்தியார் கிடையாது, உறுப்பினர்களே ஆளுக்கொரு வேலை பார்க்கிறார்கள். பேச்சில் வரும் ‘ஆ’, ‘ம்’களை எண்ணவே ஒருவர்! முதல் இரண்டு வாரம், பேசுபவருக்கு அட்டை தூக்கி நேரம் காட்டும் டைமர் வேலையைக் கேட்டு வாங்கி ஒளிந்துகொண்டேன். திடீர்த் தலைப்புப் பேச்சுக்கு ஒரு நிமிடத்தில் பச்சை அட்டை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. எதிரே ஒரு பேங்க் மேனேஜர் பேசினார். குரல் கணீரென்று இருந்தது. கையிலிருந்த தாள் மட்டும் காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அட்டை பிடித்த எனக்குத்தான் அது தெரிந்தது, பின்வரிசையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

என் முதல் பேச்சு, நம்மைப் பற்றியே நாலிலிருந்து ஆறு நிமிடம். வாய் உலர்ந்து உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. பச்சை அட்டை எழுந்ததும் அடுத்த ஸ்டாப் வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. ‘ஆ’ கணக்கு: 23.

ஆஃபீஸ் மீட்டிங்கில் எப்போது விடுவார்கள் என்றே தெரியாது. இங்கே முடிவு கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. எனக்கு வேலை செய்தது அதுதான். எதற்கெடுத்தாலும் கைதட்டுவது கொஞ்சம் திகட்டும். எங்கள் கிளப்பில் ஆங்கிலம். தமிழில் நடக்கும் கிளப்களும் உண்டு. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அட்டாக் வருகிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள், கிளப் வைத்தியம் இல்லை.

போன மாத மீட்டிங்கில் செல்போனில் ஆறு நிமிடம் டைமர் போட்டு மேசையில் வைத்துக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது ஸ்லைடும் முடிந்தது.