11 வாரம் ஹார்மோன் படித்தேன்: ஓர் இணையப் பாடத்தைப் பற்றி

நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய ஓர் இணையப் பாடத்தை 11 வாரம் உட்கார்ந்து ஒரு வீடியோ விடாமல் பார்த்து முடித்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உடலியங்கியல் படிப்பவர்களுக்கானது இது. பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதே மாதிரி பாடங்கள் நிறைய இருக்கின்றன, எதில் சேர்வதாக இருந்தாலும் கவனிக்க வேண்டிய விஷயங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதுவரைக்கும் நான் ஹார்மோன் படித்ததெல்லாம் அட்டவணையாகத்தான். பெயர், சுரக்கும் இடம், வேலை என்று மூன்று பத்தி, மனப்பாடம், முடிந்தது. பல்கலைக்கழகத் தேர்வில் அது நிற்காது. அங்கே வருகிற கேள்வி, தைராய்டு ஹார்மோனான டி4 குறைவாக இருக்கிறது, தைராய்டைத் தூண்ட மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் டி.எஸ்.எச்சும் ஏறவில்லை, கோளாறு தைராய்டிலா அதற்கு மேலேயா என்பது. அட்டவணை முழுக்கத் தெரிந்தாலும் இதற்குப் பதில் வராது, யார் யாரைத் தூண்டுகிறார்கள், யார் யாரை அடக்குகிறார்கள் என்ற சுற்று மனதில் ஓட வேண்டும். இந்தப் பாடத்தை நான் மதிப்பிடுவது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: அந்தச் சுற்றை என் கையால் வரைய வைத்ததா இல்லையா.

முதல் வாரம் 1902-இல் தொடங்குகிறது. பேய்லிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள், அப்படியும் கணையம் சுரந்தது. நரம்பு இல்லாமல் செய்தி போயிருக்கிறது என்றால் இரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு செக்ரடின் என்று பெயர் வைத்தார்கள், ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905-இல் பயன்படுத்தினார். வரலாறு என்று இதை ஓட்டிவிடாமல், அந்தச் சோதனை எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்று நம்மையே யோசிக்கச் சொல்கிறார் ஆசிரியை. அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டாம் வாரம் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள், பெப்டைடு, ஸ்டீராய்டு என்ற ஹார்மோன் வகைகள். சுமாராக இருந்தது, செல் உயிரியல் ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை.

மூன்றாம், நான்காம் வாரங்கள்தான் உயிர். மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ், அதன் கீழே ஒரு காம்பில் தொங்கி அதன் கட்டளைப்படி நடக்கும் பிட்யூட்டரி. ஆயத்தப் படங்கள் எதுவும் கிடையாது, வெள்ளைத் தாளில் கையால் வரைந்துகொண்டே போகிறார், ஒவ்வொரு அம்புக்குறிக்கும் முன்னால் நிறுத்தி, இது ஏறுமா இறங்குமா, எழுதிவிட்டு மேலே பாருங்கள் என்கிறார். பிட்யூட்டரியின் காம்பை வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டபோது, முன்பிட்யூட்டரி ஹார்மோன்கள் எல்லாமே இறங்கும் என்று எழுதினேன். தப்பு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் மட்டும் ஏறும். அதற்கு மேலிருந்து வருவது முக்கியமாக டோபமைன் என்கிற தடை, காம்போடு சேர்ந்து அந்தத் தடையும் போய்விடுகிறது. படித்த விஷயம்தான், ஆனால் தப்பாக எழுதிவிட்டுத் திருத்திக்கொண்ட பிறகு இனி அது மறக்காது.

அப்புறம் துடிப்பு பற்றிய பகுதி. ஹைப்போதலாமஸில் வரும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் விட்டு விட்டுச் சுரக்கிறது என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கும், ஏன் அது முக்கியம் என்று இருக்காது. 1978-இல் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு குரங்குகளில் செய்த சோதனையை இங்கே விரிவாகக் காட்டுகிறார்கள். அதை மணிக்கு ஒரு முறை கொடுத்தால், இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் திரும்பி வருகின்றன, அதே பொருளை இடைவிடாமல் ஏற்றினால் இரண்டும் விழுந்துவிடுகின்றன. தூண்டுகிற மூலக்கூறே தொடர்ந்து இருந்தால் அடக்குகிறது! புரோஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க இதே வகை மருந்தை நீடித்துக் கொடுப்பதற்கும் இதுதான் அடிப்படை. அந்த 20 நிமிட வீடியோவை மூன்று முறை பார்த்தேன், பாடம் முழுவதிலும் அதற்கு ஈடான இடம் வேறு இல்லை.

தைராய்டு வாரமும் நன்றாக இருந்தது. மாத்திரை அளவை மாற்றினால் 6 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்ப்பார்கள் என்பதைச் சும்மா மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். டி4-இன் அரை ஆயுள் சுமார் 7 நாள், புதிய அளவு நிலைக்கு வர ஐந்து அரை ஆயுள் ஆகும், அதுவே 35 நாள், பிட்யூட்டரி அதற்கேற்ப அமைய இன்னும் கொஞ்சம். கணக்குப் போட்டால் தானாக வருகிறது.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு கேள்வி: உப்பையும் பொட்டாசியத்தையும் கவனிக்கும் ஆல்டோஸ்டிரோன் சேர வேண்டிய ஏற்பியில் அட்ரீனலின் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலும் அதே வலுவோடு ஒட்டும், இரத்தத்தில் கார்ட்டிசால் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம், அப்படியென்றால் சிறுநீரகம் ஏன் ஏமாறுவதில்லை? அங்கே ஒரு நொதி கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றி முடக்கிவிடுகிறது. அதிமதுரத்தில் உள்ள ஒரு பொருள் அந்த நொதியைத் தடுக்கும், அதனால்தான் அதை அதிகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்குகிறது. இதையெல்லாம் அருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே ஓடும் வசன வரி கார்ட்டிசால் வர வேண்டிய இடத்தில் கார்ட்டிசோன் என்றும், கார்ட்டிசோன் வர வேண்டிய இடத்தில் கார்ட்டிசால் என்றும் மாற்றி மாற்றிப் போடுகிறது. வேறு எந்தப் பாடத்தில் இந்தப் பிழை வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் பாடத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் இடையிலான வித்தியாசம்தான் பாடமே.

இதைவிடக் கோபம் வந்தது வினாத்தாள் விடையில். அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைப் பிட்யூட்டரி சுரக்காததால் வரும் கார்ட்டிசால் குறைபாட்டில் பொட்டாசியம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, ஏறும் என்று விடை போட்டிருக்கிறார்கள். தவறு. ஆல்டோஸ்டிரோனை முக்கியமாக நடத்துவது சிறுநீரகத்தில் தொடங்கும் ரெனின், ஆஞ்சியோடென்சின் வழி, பிட்யூட்டரி படுத்துவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பொட்டாசியம் பொதுவாக இயல்பாகவே இருக்கும். அட்ரீனலே கெட்டுப்போனால்தான் ஏறும். மேலே கோளாறா கீழே கோளாறா என்று பிரித்துப் பார்ப்பதற்கான கேள்வியிலேயே விடை தப்பு. எழுதிப் போட்டேன், மூன்று வாரம் கழித்து நன்றி என்று பதில் வந்தது, விடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அலகுகளும் ஒழுங்காக இல்லை, ஒரு வாரம் கார்ட்டிசால் மைக்ரோகிராம் கணக்கில், அடுத்த வாரம் நானோமோல் கணக்கில். 27.6-ஆல் பெருக்கிப் பெருக்கி நானே ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

கணையம் சரி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. சர்க்கரை குறைந்து மயங்கியவருக்கு இன்சுலின் அதிகம், உடல் தானே இன்சுலின் செய்யும்போது கூடவே வரும் சி-பெப்டைடு குறைவு என்றால் அந்த இன்சுலின் வெளியிலிருந்து ஊசி வழியாக வந்தது என்று கண்டுபிடிக்கிற பயிற்சி நன்றாக இருந்தது.

கடைசி வாரங்களில் அவசரம் தெரிகிறது. மாதச் சுழற்சியில் ஈஸ்ட்ரடயால் என்ற சூலக ஹார்மோன் அதுவரை எல்.எச்சை அடக்கிக்கொண்டிருந்து, அளவு உயர்ந்து சுமார் 2 நாள் அப்படியே நின்றால் திடீரென்று தூண்டத் தொடங்குகிறது. சுற்று தலைகீழாகத் திரும்பும் அந்த இடத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்காம் வாரத்து ஆசிரியைக்கு இதைக் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரம் வரைந்திருப்பார்.

கால்சியம் இன்னும் மோசம், எல்லாம் சேர்த்து 40 நிமிடம், அதில் பாதி எலும்பின் அமைப்பு. அந்த வாரத்தை வேறு புத்தகங்களில் படித்து, இவர்கள் கற்றுக்கொடுத்த முறையிலேயே ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனான பி.டி.எச். ஏறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும், பாஸ்பேட் இறங்கும். வைட்டமின் டி ஏறினால் இரண்டுமே ஏறும். இரண்டு அம்புக்குறி, இரண்டு நிமிடம். இதைப் போய் ஏன் விட்டார்கள் என்றுதான் புரியவில்லை.